காய்ச்சிக் கொடுங்கள் என்று நான் சொன்ன ஊர்

என் பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு, ஒகேனக்கல் போவது எப்படி என்று கேட்டு வாரத்துக்கு ஒருவராவது எனக்கு எழுதுகிறீர்கள். வழி சொல்கிறேன். ஆனால் அந்த வழியில் இரண்டு முறை போயும் நான் அருவியைப் பார்த்ததில்லை, இரண்டு முறையும் பாதியிலேயே இறங்கிவிட்டேன். முதல் முறை 1984 மாசியில். சென்னையில் சமூக மருத்துவ மேற்படிப்பில் இரண்டாம் வருஷம் அப்போது. பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களின் குடிதண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்பதுதான் என் ஆய்வேடு. அது அளவு மீறினால் குழந்தைகளின் பல்லில் காவிக் கறை படியும், கால் எலும்பு வளையும்.

தருமபுரி பேருந்து நிலையத்தில் காலை ஆறே காலுக்குப் பென்னாகரம் வண்டி. டிக்கெட் இரண்டு ரூபாய் எண்பது காசு, ஒரு மணி பத்து நிமிஷப் பயணம். என் மடியில் பன்னிரண்டு காலி பிளாஸ்டிக் பாட்டில்கள். "காவேரியவே மோந்துக்கிட்டுப் போயிருவீங்களாட்ட இருக்குதுங்க!" என்றார் கண்டக்டர். வண்டியே சிரித்தது, நானும்தான். பென்னாகரத்தில் இறங்கி, புளியமரச் சாலையில் நாலு கிலோமீட்டர் நடை. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை.

அடிபம்படியில் நின்ற சவேரியம்மாள்தான் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் பத்து மாதப் பையன் அமலன். மூத்தவள் ரோஸ்லினுக்கு ஆறு வயது. நடக்கும்போது அவளுடைய முட்டி இரண்டும் ஒன்றோடொன்று இடித்தன. சிரித்தால் பல்லில் காவி.

"இந்தப் பைப்பு போட்ட வருசந்தானுங்க இவ பொறந்தா. அதுக்கு மின்ன அல்லாம் ஏரிக்கரைக் கெணத்துத் தண்ணிதான். கலங்கலா இருக்கும். இப்பப் பாருங்க, கண்ணாடியாட்டம் இருக்குது," என்று சொல்லி ஒரு சொம்பு நிறைய நீட்டினாள்.

வேண்டாம் என்றேன். பையிலிருந்து என் பிளாஸ்க்கை எடுத்துக் குடித்தேன். தண்ணீரை மறுத்தால் நம் ஊர்களில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா என்ன? அவள் முகம் சுண்டிப்போனது.

"எங்க தண்ணி உங்களுக்கு ஆகாதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க, சளி பிடிச்சிருக்கு," என்று புளுகினேன்.

"இவன் இப்பத்தான் தண்ணி குடிக்கப் பழகறானுங்க. டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க, எப்புடிக் குடுக்கோணும்?"

ஆய்வகத்தின் முடிவு வருமுன் வாயைத் திறந்து ஊரைக் கலவரப்படுத்தாதே என்று பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் ரோஸ்லினின் கால்களைப் பார்த்த பிறகு எனக்கு எந்த ஆய்வகமும் தேவைப்படவில்லை. ஃபுளோரைடு ஆழத்துப் பாறையிலிருந்து அடிபம்பில் ஏறி வருவது, மேலாக ஊறும் கிணற்றில் அது குறைவு. 'ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள்' என்றாவது சொல்லியிருக்கலாம். வகுப்பில் வயிற்றுப்போக்குக்கு மனப்பாடம் செய்த வாக்கியம்தான் வாயில் வந்தது. "நல்லாக் காய்ச்சி ஆறவச்சுக் குடுங்க." காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். சொல்லும்போதே எனக்கு அது தெரியும்.

முடிவு வந்தது. நான் பயந்தபடிதான். ஆய்வேட்டில் அட்டவணை போட்டேன், பாராட்டு வாங்கினேன், குடிநீருக்குப் பொறுப்பான அரசு அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பதில் இல்லை. போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும், போக வேண்டும் என்று நினைத்தே ஐந்து வருஷத்தை ஓட்டினேன். வேலை, கல்யாணம் என்று சாக்குக்கா பஞ்சம்? ஒரு தபால் அட்டை போட்டிருக்கலாம், அதுகூடப் போடவில்லை.

1989 ஆனியில் போனேன். அதே ஆறே கால் வண்டி, டிக்கெட் நாலு ரூபாய். சவேரியம்மாள் என்னைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். "அமலா, டாக்டரம்மா வந்துருக்காங்க பாரு!" என்று கூப்பிட்டாள். பையன் ஓடிவந்தான். ஓடி வந்தான் என்றா சொல்வது? இரண்டு முட்டியும் இடிக்க இடிக்க வந்தான்.

"நீங்க சொன்னாப்புலயே தெனமும் காய்ச்சித்தானுங்க குடுத்தேன். வெறகு இல்லீன்னாக்கூட பக்கத்து வூட்டுல கேட்டு வாங்கிக் காய்ச்சுவேன். ரோஸ்லினுக்குத்தான் தெரியாமப் போச்சு, இவனையாச்சும் காப்பாத்தோணும்னு வேளாங்கண்ணிக்கும் நேந்துக்கிட்டனுங்க. அப்புறமும் ஏனுங்க இப்புடி?"

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் அழவில்லை. அடுப்பில் அப்போதும் ஒரு பானை தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் விறகை வெளியே இழுத்துவிட்டு வந்து கேட்டாள்.

"அப்ப, அன்னிக்கு நீங்க குடிக்காதது அதுக்குத்தானுங்களா?"

"ஆமாங்க."

பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வெகு நேரம் வாசலில் நின்றேன். அவள் திரும்ப வரவில்லை. மதியம் ஒன்றரை வண்டிக்கு நடந்தேன்.

இனி நீங்கள் கேட்ட விவரம். தருமபுரியிலிருந்து பென்னாகரத்துக்கு இப்போது அடிக்கடி வண்டி உண்டு, அங்கிருந்து ஒகேனக்கலுக்கும் உண்டு. அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குக் குழாயில் காவிரித் தண்ணீர் வந்துவிட்டது என்கிறார்கள். வந்திருந்தால் சந்தோஷம். அமலனுக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். பயணக் குறிப்புகளின் கடைசியில் எல்லோரும் 'குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்' என்று எழுதுகிறார்கள். கொண்டுபோங்கள். ஆனால் ஒரு வீட்டில் நீட்டிய தண்ணீரை வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம் என்பதையும் அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.