கற்பூரத்தில் அணையாத வியாதி

என் தங்கை சுமதி திருடினாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவளை நாங்கள் நடத்திய விதத்தைச் சொல்லத்தான் வெட்கம்.

ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் வேலை. அவள் எடுத்ததெல்லாம் டிபன் பாக்ஸ் மூடி. டப்பாவைத் தொடமாட்டாள், மூடி மட்டும். ஒருநாள் அவள் லாக்கரில் பதினொரு மூடி கிடைத்தது. ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, சூப்பர்வைசர் அவளை கேட் அருகே நிற்கவைத்து மூடிகளைக் காலடியில் பரப்பினான். மனுஷனா அவன்? இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்றான்.

நான் மட்டும் யோக்கியமா? மண்ணூரில் எங்கள் அம்மன் சந்நிதிக்கு அவளை இழுத்துப்போய், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். "இனிமே எடுக்கமாட்டேன்" என்று உள்ளங்கையால் அணைத்தாள். ஒன்பதாம் நாள் அவள் பையில் மறுபடி ஒரு மூடி! சத்தியத்தை மீறிவிட்டோம், அம்மன் சும்மா விடமாட்டாள் என்று நடுங்கினாள். சோற்றைத் தொடவில்லை.

ஆடி வெள்ளி. கூழ் ஊற்றும் கூட்டத்துக்கு நடுவில் நின்று அம்மனிடம் கத்தினேன். "இன்னா தாயி நீ? தப்புன்னு அவளுக்குத் தெரியாதா? முடியலியே அவளால! வழி காட்டு, இல்லன்னா உன் வாசலையே மிதிக்கமாட்டேன்!" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில், கூட வேலை செய்யும் கோமதியக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுமதி கடைசியாக எடுத்த மூடி அவளுடையது. சண்டைக்கு வருகிறாள் என்றே நினைத்தேன்.

"கூழ் வாங்க வந்தேன், நீ கத்துனதைக் கேட்டேன். மூடி போனா போவுது வுடு. என் தம்பிக்கும் இதே நோவு. பெரியாஸ்பத்திரில மனசுக்கு வைத்தியம் பாக்கறாங்கோ, இட்டுகினு போ."

போனோம். அங்கிருந்த ஆலோசகர் அம்மா "ஏன் எடுத்தே" என்று கேட்கவே இல்லை. "எடுக்கறதுக்கு முன்னாடி உடம்புல என்னம்மா ஆகுது?" என்றார்.

"நெஞ்சை அடைக்குது. எடுத்தா வுட்டுடுது. அப்பறம் அசிங்கமா கீது" என்று சுமதி அழுதாள். கூடப்பிறந்த நான் கேட்காத கேள்வி அது. இது வியாதி, இதை ஆராய்ந்திருக்கிறார்கள், பேசிப் பேசியும் மாத்திரையாலும் கட்டுக்குள் கொண்டுவரலாம் என்று விளக்கினார்.

கோமதியக்காவின் மூடியை சுமதியே கொண்டுபோய்க் கொடுத்தாள். சத்தியத்தையும் மாற்றினோம். "தோணுச்சுன்னா எங்கக்காகிட்ட சொல்லுவேன்" என்று என்னைக் காட்டிச் சொன்னாள். இந்தமுறை கற்பூரத்தை அணைக்கவில்லை, எரியவிட்டோம்.

அம்மனை நம்புங்கள். கோபம் வந்தால் அவளிடமே கத்துங்கள், கேட்பாள். ஆனால் உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் கற்பூரத்தை நீட்டாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

இன்றும் கேன்டீன் வரிசையில் சில நாள் என் முதுகைத் தொட்டு, "அக்கா, தோணுது" என்பாள். கையைப் பிடித்துக்கொள்வேன். உள்ளங்கையில் அன்று கற்பூரம் சுட்ட தழும்பு இருக்கிறது. அவளுக்கு ஆறிவிட்டது. எனக்குத்தான் இன்னும் சுடுகிறது.