எறியாத கடகம்

இன்று மன்னாரில் பனையோலைப் பின்னல் விழா. தெருவில் பெண்கள் ஓலைக் கூடைகளான கடகங்களை மேலே எறிந்து பிடித்து ஆடினார்கள். ஒரு அக்கா மட்டும் தன் கடகத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஆடினார்.

அதை வீடியோ எடுத்து, "ஸ்டெப் மறந்த அக்கா" என்று இங்கே பதிவாகப் போட்டேன்.

திரும்பும்போது முருங்கன் போகும் பஸ்ஸில் அந்த அக்காவே என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"தங்கச்சி, நீங்கள் வீடியோ எடுத்தனீங்கள் எல்லே? எனக்கும் அனுப்புங்கோ. கட்டாரில இருக்கிற மகளுக்குக் காட்டவேணும்."

"ஏனக்கா நீங்கள் எறியேல்லை?"

"நான் ரெண்டு நாளாப் பின்னினது, பிள்ளை. விழுந்து நசிஞ்சா மனம் தாங்காது."

வீடியோவை அனுப்பினேன். பிறகு அவர் பார்க்காதபடி போனை மறுபக்கம் திருப்பிப் பிடித்து, என் பதிவை நீக்கினேன்.

அதற்குள் உங்களில் பதினேழு பேர் அதை இறக்கிப் பகிர்ந்துவிட்டீர்கள். அக்கா அனுப்புவதா, நீங்கள் பகிர்ந்ததா, மகளுக்கு எது முதலில் போய்ச் சேருமோ தெரியவில்லை. தயவுசெய்து நீங்களும் நீக்குங்கள். சிரிக்க வேண்டுமென்றால், கீழே கமெண்டில் என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.