இருக்கிற இடமே தெரியாது

நான்கு வயதுப் பிள்ளைக்கும் மனச்சோர்வு வரும் என்று சொல்லிப் பிழைப்பதைவிட, தருமபுரிச் சித்திரை வெயிலில் கம்பளி விற்பது சுலபம். "இத்தனூண்டு புள்ளைக்கு என்ன கவலை, கோர்ட்ல கேஸா நடக்குது?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

என்னுடைய வைத்தியத்தில் மாத்திரை இல்லை, ஊசி இல்லை. பிள்ளையையும் பெற்றவரையும் ஓர் அறையில் விளையாட விடுவேன். பக்கத்து அறையின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, பெற்றவரின் காதில் மாட்டிய இயர்போனில் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று போன் வழியாக மெல்ல எடுத்துக்கொடுப்பேன். உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை. நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பொம்மையை நானே எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று கை அரிக்கும். கால் தானாகக் கதவு வரைக்கும் போய்த் திரும்பும். பிள்ளை வளர்க்கிற உங்களுக்கு இந்த அவஸ்தை தெரியாததா? பாப்பாரப்பட்டியில் என்னிடம் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நல்ல புள்ள

நான்கு வயது தர்ஷினியைக் கொண்டுவந்து பாயில் உட்காரவைத்தார்கள். வைத்த இடத்திலேயே இருந்தாள். எதிரில் கட்டைகள், பந்து, பொம்மை எல்லாம் இருந்தன. ஒன்றையும் தொடவில்லை. சரியாகச் சாப்பிடாமல் எடை குறைகிறது என்று குழந்தை மருத்துவரிடம் காட்ட, உடம்பில் ஒன்றும் இல்லை என்று அவர் என்னிடம் அனுப்பியிருந்தார். அம்மா சத்யாவுக்குக் கவலை இருந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் இருந்தது. "சாப்பாடு ஒண்ணுதாங்க மேடம். மத்தபடி அழாது, அடம் புடிக்காது. இருக்கற எடமே தெரியாதுங்க. தெருவுல எல்லாரும் நல்ல புள்ளன்னு மெச்சறாங்க."

முன்பும் இப்படித்தானா என்று கேட்டேன். "முன்ன பெரிய வாயாடிங்க" என்று சொல்லிவிட்டுச் சத்யா தலையைக் குனிந்துகொண்டாள். ஏழாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளை தவறிப்போயிருந்தது. அதன் பிறகுதான் மூத்தவள் அடங்கினாள். அறிவு வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள்.

அப்பா முருகேசன் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் லோடு அடிப்பவர். ஓசூரில் அக்கா வீட்டில் நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள், அங்கே கொண்டுபோய் விட்டால் தானாகச் சரியாகிவிடும் என்பது அவர் யோசனை. ஏற்கெனவே தனக்குள் சுருண்டிருக்கும் பிள்ளையை வீட்டைவிட்டும் அனுப்பினால் அவள் என்ன நினைப்பாள்? கொஞ்சம் அவகாசம் கேட்டேன். வண்டியைச் சர்வீஸுக்கு விட்டவர் மாதிரி அவர் சொன்னார்: "மாங்கா சீசன் வந்துட்டா எனக்கு நேரம் இருக்காதுங்க மேடம், அதுக்குள்ள ஓட வெச்சிக் குடுத்துடுங்க."

இது என்ன கலரு?

விளையாட்டுக்கு மூன்று விதிகள். கேள்வி கேட்கக்கூடாது, வேலை ஏவக்கூடாது, பாடம் நடத்தக்கூடாது. பிள்ளை என்ன செய்கிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும். பார்த்தாள் என்றால் 'பார்க்கிறாள்' என்று, தொட்டாள் என்றால் 'தொடுகிறாள்' என்று. சுலபமாகத் தெரிகிறதா? இன்றைக்கே உங்கள் வீட்டில் ஐந்து நிமிடம் செய்து பாருங்கள்.

சத்யா பாயில் உட்கார்ந்ததும் ஒரு கட்டையை எடுத்து நீட்டி, "இது என்ன கலரு?" என்றாள். கேள்வி வேண்டாம் என்றேன் காதில். "சரிங்க" என்று எனக்குப் பதில் சொல்லிவிட்டு, "இதுல எத்தன கட்ட இருக்கு? எண்ணு பாக்கலாம்" என்றாள். அதுவும் வேண்டாம் என்றேன். கட்டையைக் கீழே வைத்தாள், புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள், சுவரைப் பார்த்தாள். தர்ஷினி கட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து அறையில் நான் நடந்துகொண்டே இருந்தேன். வியர்த்துப்போய் வெளியே வந்த சத்யா கேட்டாள்: "கேள்வியும் கேக்கக் கூடாது, வேலையும் சொல்லக் கூடாதுன்னா, பெத்த புள்ளகிட்ட பேசறதுக்கு வேற என்னாங்க மேடம் இருக்கு?"

ஏலக் குரல்

அடுத்த முறை அப்பாவின் பங்கு. முருகேசனுக்கு விதி உடனே பிடிபட்டது, கொஞ்சம் அதிகமாகவே. மண்டியில் கேட்டுப் பழகிய ஏலக் குரலில் ஆரம்பித்துவிட்டார். "பாப்பா கைய நீட்டுது... நீட்டுது... செவப்புக் கட்டையத் தொட்டுடுச்சி!" தெருவில் போனவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். தர்ஷினி கையை இழுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பிறகு அப்பாவைப் பார்த்துத் தன் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

வெளியே வந்ததும் இயர்போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "என் குரலுக்கு மண்டியே திரும்பிப் பாக்கும்ங்க, என் புள்ள காதப் பொத்திக்கறா."

சர்க்கரை கம்மியா

சத்யா பயிற்சியில் தேறிவந்தாள். நான் காதில் சொல்வதை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். ஒருநாள் டீக்கடை அக்கா என் அறைக்குத் தட்டோடு வந்தபோது, போன் இணைப்பில் இருக்கிறது என்பதை மறந்து, "எனக்குச் சர்க்கரை கம்மியா போடுங்கக்கா" என்றேன். உள்ளே சத்யா மகளைப் பார்த்து மிகுந்த பாசத்தோடு, "எனக்குச் சர்க்கரை கம்மியா போடுங்கக்கா" என்றாள்.

தர்ஷினி நிமிர்ந்தாள். அம்மா தன்னை ஏன் அக்கா என்கிறாள் என்று யோசித்திருப்பாள். பிறகு மெல்லிய குரலில், "எனக்கு நெறைய" என்றாள். என் அறையில் அவள் பேசிய முதல் சொல். கத்த வேண்டும்போல் இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். "தர்ஷினிக்கு நெறைய" என்றாள் சத்யா. பிள்ளை தலையாட்டினாள், ஒரு கட்டையை டம்ளராக்கி அம்மாவிடம் நீட்டினாள். போகும்போது சத்யா என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள்: "மேடம், அந்த டீ வசனத்த அடுத்த வாரமும் சொல்லிக் குடுப்பீங்களா?"

சத்தம்

மாமரங்களில் காய் திரண்டுவிட்டது. முருகேசன் ஓசூர்ப் பேச்சை மறுபடி எடுத்திருந்தார். அந்த வாரம் தர்ஷினி பொம்மையைத் துணியில் சுற்றித் தூங்கவைத்தாள். "தர்ஷினி பொம்மையத் தூங்க வெக்கறா" என்று சத்யா இயல்பாகத்தான் சொன்னாள். பிள்ளை பதறி அம்மாவின் வாயைப் பொத்தினாள். "சத்தம் போடாதம்மா. சத்தம் போட்டா பாப்பா போயிடும்."

டாக்டர் சத்யாவைப் படுத்தே இருக்கச் சொல்லியிருந்த நாட்களில், வீட்டில் எல்லாரும் பிள்ளையிடம் சொன்னது அதுதான்: சத்தம் போடாத, வயித்துல பாப்பா தூங்குது. பாப்பா வரவில்லை. இவள் வாயை மூடிக்கொண்டாள். நாம் அதைத்தான் நல்ல பிள்ளை என்று மெச்சிக்கொண்டிருந்தோம்.

பரபரவென்று நான் காதில் ஏதேதோ சொல்ல ஆரம்பித்தேன். சத்யா இயர்போனைக் கழற்றிப் பாயில் வைத்தாள். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "உன் சத்தத்தால போவலடி தங்கம். அதுக்கு ஒடம்பு சரியில்ல, போயிடுச்சி. நீ ஒண்ணுமே பண்ணல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இருவரும் அழுதார்கள். நான் கதவில் கைவைத்தபோது சத்யா நிமிர்ந்து சொன்னாள்: "கொஞ்சம் சும்மா இருங்க மேடம், நான் பேசிக்கறேன்."

காரிமங்கலம்

அதன் பிறகும் ஒரே நாளில் ஒன்றும் மாறிவிடவில்லை. வீட்டில் தினமும் ஐந்து நிமிட விளையாட்டு நடந்தது. சோறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சீசன் தொடங்கிய பிறகு ஒரு வாரம் அவர்கள் வரவில்லை. நான் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தபோது முருகேசன் போனில் அழைத்தார். "மேடம், காரிமங்கலத்துல இருக்கோம். பாப்பா வண்டியிலதான் இருக்குது." காரிமங்கலம் ஓசூர் போகிற வழி. நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டேன்.

"ஓசூருக்கா?" என்றேன். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது, நிற்காமல். "கிருஷ்ணகிரி மண்டிக்கு லோடுங்க" என்று அதற்குமேல் கத்தினார். "நானும் வருவேன்னு ஒரே அடம், ஏறி உக்காந்துட்டா. இன்னிக்கிச் சந்தைங்க, வண்டி நகரல. ஹாரன்ல வெச்ச கைய எடுக்க மாட்டேங்கறா. சந்தையே திரும்பி என்னத் திட்டுது. இதுக்கு ஏதாச்சும் வைத்தியம் இருக்குதா? இவ இருக்கற எடம் ஊருக்கே தெரியுதுங்க மேடம்!"

மற்ற வைத்தியர்களுக்கு நன்றி வரும். என் தொழிலில் பிள்ளை தேறிவிட்டது என்பதற்குப் புகார்தான் ரசீது.