கேசரிக்கு முன் ஓர் ஊசி

"திருட்டுத்தனமா இனிப்பு திங்கறா, அதான் சுகரு இறங்கல" என்று என் அண்ணி, கணவரின் அக்கா, புதுச்சேரி முழுக்கச் சொல்லிவந்தார். நானோ எலும்பும் தோலுமாக இருந்தேன். மாத்திரையும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு டாக்டரம்மா வயிற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். கணையம் முழுக்கக் கல். "இது தின்னு வந்த சர்க்கரை இல்லம்மா. கணையம் கெட்டு வந்தது. இன்சுலின் போட்டுக்கிட்டு நல்லா சாப்பிடு."

அடுத்த வாரம் ரெட்டியார்பாளையத்தில் கல்யாணப் பந்தி. பரிமாறுகிறவர் என் இலைக்குக் கொண்டுவந்த கேசரியை அண்ணி கைநீட்டித் தடுத்தார். "அவளுக்கு வைக்காத, சுகரு!" பந்தியே திரும்பிப் பார்த்தது.

பையிலிருந்து ஊசியை எடுத்தேன். அத்தனை பேருக்கும் நடுவில் வயிற்றில் போட்டுக்கொண்டேன்.

"என் கணையத்துல இருக்கறது கல்லு, அண்ணி. கல்ல யாரும் திருடித் தின்ன மாட்டாங்க." பரிமாறுகிறவர் பக்கம் திரும்பினேன். "நீங்க வைங்கண்ணே."

கேசரி லேசாக அடிப்பிடித்திருந்தது. துளிகூட மிச்சம் வைக்கவில்லை. இன்றுவரை எந்தப் பந்தியிலும் மறைவாகப் போய் ஊசி போட்டதில்லை. ஒளிவதற்கு, நான் எதையும் திருடவில்லையே.