தனலெட்சுமியின் இமைமுடி

"மோகனாக்கா, கண்ணிமையில முடி வளர மருந்து எங்க கெடைக்கும்?"

தனலெட்சுமி இதைக் கேட்டபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வேறு யாராவது கேட்டிருந்தால், இந்த வயசில் வந்த ஆசையைப் பாரு என்று வாய்விட்டே சொல்லியிருப்பேன். அவளிடம் அப்படிச் சொல்ல முடியாது. அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்ததும் கீமோ ஏற்றியதும் தம்பின் டவுன் பக்கத்திலிருக்கும் எங்கள் தோட்டக் குடியிருப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி நான். என் ஓட்டைக் காரில்தான் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள்.

மற்றவர்களுக்கு அவள் சொன்ன கதை வேறு. தலைமுடி கொட்ட ஆரம்பித்ததும், தைப்பூசத்துக்கு முன்னால் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றாள். வேண்டுதல் என்றாள். எங்கள் சனங்களுக்கு அது போதும். மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பார்த்துவிட்டால் மேற்கொண்டு ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். "அப்பா கண்ணுக்காக வேண்டிக்கிட்டியா? நல்ல பொண்ணும்மா நீ" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு.

அந்தப் பொய் முழுக்க அவள் அப்பா முனியாண்டிக்காகச் சொன்னது. அவளுடைய அம்மாவைக் கொண்டுபோனதும் இதே நோய்தான். திரும்பவும் அந்தப் பேரைக் கேட்டால் அவர் தாங்க மாட்டார் என்று பயந்தாள். அவருக்கோ கண்ணில் அழுத்தம். இடது கண் போய்விட்டது. வலது கண், தினமும் படுக்குமுன் விடும் ஒரு சொட்டு மருந்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு கண் இருந்ததால்தான் அவர் தானாகக் குளித்தார், சோறு போட்டுச் சாப்பிட்டார், இவளும் வேலைக்குப் போக முடிந்தது. "எனக்கு என்னமோ ஆகட்டும்கா, அவரு கண்ணு நிக்கணும்" என்பாள். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போன பேச்சு.

கீமோ முடிந்து தலையில் முடி முளைத்தது. கூடவே கொட்டிப்போன இமைமுடி முளைக்கவில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு அடியில் குனிந்து உதிரிப்பழம் பொறுக்குகிறவளுக்கு இமைமுடி ஒன்றும் அலங்காரம் இல்லை. தூசியெல்லாம் நேரே கண்ணுக்குள் விழுந்தது. நாள் முழுக்கக் கண்ணீர் ஒழுகி, துடைத்துத் துடைத்து ஓரமெல்லாம் புண்ணாகிவிட்டது.

"போன்ல விக்கிறாங்கக்கா. ஆர்டர் பண்ணட்டுமா?"

"எவனோ விக்கிறத கண்ணுகிட்ட கொண்டுபோவியா? அறிவு இருக்கா ஒனக்கு?" என்று கத்தினேன்.

மறுநாள் தம்பினில் ஒரு பார்மசிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த சீனப்பெண் மலாய் மொழியில் பொறுமையாக விளக்கினாள். அப்படி ஒரு மருந்து இருக்கிறது, ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது, கண் டாக்டரையோ தோல் டாக்டரையோ பாருங்கள் என்றாள். கண் அழுத்தத்துக்கு விடும் சொட்டு மருந்தில் ஒன்றுதான் அது, வீட்டில் யாருடையதாவது இருந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள். எங்களைப் பற்றி நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறாள். தோட்டத்தில் ஒரு வீட்டு மாத்திரை நாலு வீட்டுக்குப் போகும். கறிவேப்பிலை கேட்பது மாதிரி மருந்து கேட்போம்.

காரில் ஏறியதும் தனலெட்சுமி சொன்னாள், "செத்தாலும் அப்பா மருந்துல கை வைக்க மாட்டேன்கா."

அடுத்த வாரம் சிரம்பானில் முனியாண்டிக்குக் கண் கிளினிக். அங்கேயே தன் இமையையும் காட்டிக் கேட்டுவிடலாம் என்று கிளம்பினாள். காரோட்டிப் போன நானும் கூடவே உள்ளே போனேன். டாக்டர் முதலில் முனியாண்டியின் கண்ணைப் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். அழுத்தம் ஏறிவிட்டது, பார்வை பெரும்பகுதி போய்விட்டது, போனது இனித் திரும்பாது, மருந்து போடவில்லையா என்று கேட்டார்.

"தெனம் போடுறாரு டாக்டர். அவரே போட்டுக்குவாரு."

முனியாண்டி சட்டைப்பையில் கைவிட்டு, பிரிக்காத மருந்துப் பாட்டில்களை எடுத்தார். மகளிடம் நீட்டினார். அவர் கை அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"இந்தாம்மா. போனவாட்டி நர்சு சொல்லிச்சு, அங்கிள், இந்த மருந்துனாலதான் ஒங்க இமை இவ்ளோ அடர்த்தியா இருக்குன்னு. ஒனக்குத்தான் ஒண்ணுமே இல்லியே. வீட்டுல குடுத்தா வாங்க மாட்ட. டாக்டர வச்சுக் குடுக்கலாம்னு எடுத்தாந்தேன்."

"அது... நான் வேண்டுதலுக்கு..."

"சாமிக்குத் தலமுடிதான் குடுப்பாங்க, தனம். ஒங்கம்மாவுக்கும் இமை இப்படித்தான் கொட்டுச்சு."

அவள் பாட்டில்களை வாங்கிக்கொண்டாள். "தெரிஞ்சும் ஏம்ப்பா கேக்கல?"

"நீ சொல்ல மாட்டேங்குற. நான் எப்படிக் கேக்குறது?"

நான் விவரம் சொன்னதும் டாக்டர் அவள் இமையையும் பார்த்தார். கீமோ முடிந்து கொஞ்ச நாள்தானே ஆகிறது, தானாக வளரும், வளராவிட்டால் நானே எழுதித் தருகிறேன் என்றார். அவள் காதில் எதுவும் விழுந்த மாதிரி தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியில் எனக்கு வந்த கோபத்துக்கு ராசா டவுன் பக்கம் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்விட்டேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இப்படியா ஒருத்தர் மேல் ஒருத்தர் பாசம் வைப்பது? வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்தக் கண் இருந்திருக்கும்.

இப்போது தனலெட்சுமி வேலைக்குப் போவதில்லை. அவருக்குத் தட்டில் சோற்றைப் பிசைந்து கையில் கொடுக்க ஆள் வேண்டும். டாக்டர் சொன்னபடியே இமைமுடி தானாக வளர்ந்துவிட்டது, சீட்டும் தேவைப்படவில்லை. நான் எப்போது போனாலும் முனியாண்டி என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி அதையேதான் கேட்கிறார்.

"மோகனா, புள்ளைக்கு இமை வந்துருச்சா?"

"வந்துருச்சு மாமா."

"நெசமாவா? எவ்ளோ நீளம்?"