தீக்குச்சியும் அப்பாவின் கோபமும்

போன வாரம் எங்கள் வீட்டில் ஓர் அடிதடி. ஒரு பக்கம் என் அப்பா, வயது எண்பதுக்கு மேல். மறுபக்கம் ஏழாவது படிக்கும் என் மகள் அனு. காரணமா? அதுதான் யாருக்கும் புரியவில்லை.

சாயங்காலம் அனு சாமி விளக்கு ஏற்றப் போனாள். ஹாலில் அமைதியாக உட்கார்ந்திருந்த அப்பா பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்து முறுக்கிவிட்டார். அவருக்கு டிமென்ஷியா. மறதி எங்களுக்குப் பழகிவிட்டது, முரட்டுத்தனம் புதிது. நான் கத்த, அவர் என்னைத் தள்ள, ஒரே களேபரம்.

"எனக்கு தாத்தாகிட்ட டர் லக்தா ஹை, அம்மா." வீங்கிய மணிக்கட்டோடு ரூமுக்குள் போனவள் வெளியே வரவில்லை. தாத்தாவிடம் பயமாக இருக்கிறதாம். புனேயில் பிறந்த பிள்ளை. பயம் வந்தால் ஹிந்தி முந்திக்கொள்ளும்.

இருவரும் ஒரே ஃப்ளாட்டில் இனி இருக்க முடியுமா? தூங்க வைக்க மாத்திரை கேட்கச் சொன்னார் என் கணவர்.

வலியோ ஜுரமோ யூரின் இன்ஃபெக்‌ஷனோ இல்லை என்று பார்த்த டாக்டர், மாத்திரை எழுதவில்லை. கோபம் வருவதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார்.

என்ன நடந்தது... அனு தீக்குச்சி உரசினாள்.

அப்பா புனேயின் கட்கி வெடிமருந்து ஃபேக்டரியில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். உள்ளே தீப்பெட்டி கூடாது. கேட்டில் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். அவர் மனதில் இன்னும் அங்கேதான் இருக்கிறார். வெடிமருந்துக் கிடங்கில் ஒரு சின்னப் பெண் தீக்குச்சி உரசினால்? அவர் அடிக்கவில்லை — காப்பாற்றியிருக்கிறார்.

மறுநாளே சாமி ஷெல்ஃபில் பேட்டரி விளக்கு. 'நீங்க ரிட்டையராகி எவ்வளவு வருஷமாச்சு' என்ற என் லெக்சரும் நின்றது. சாயங்காலம் அப்பா தவிக்க ஆரம்பித்தால், கேட் செக்கிங் டைம், நீங்கதான் செக் பண்ணணும் என்று சொல்லி வாசலருகே அவருக்கு நாற்காலி போட்டுவிடுகிறோம். தினமும் பலிக்கிறதா? இல்லை. நேற்று பலித்தது.

ட்யூஷன் முடிந்து வந்த அனு, தயங்கித் தயங்கி அவர் எதிரே நின்றாள். நான் இரண்டடி தள்ளி, தடுக்கத் தயாராக. அப்பா பையைத் தட்டிப் பார்த்தார். கட்டுப் போட்ட கையை மெதுவாகத் திருப்பினார்.

"அடிபட்டிருக்கே... பார்த்து வேலை செய்யக் கூடாதாம்மா? டிஸ்பென்சரியில காட்டு. லீவு குடுப்பாங்க."

"ஸ்கூலுக்கும் சேர்த்துச் சொல்லுங்க தாத்தா," என்றாள் அனு. சிரித்தேவிட்டாள்.

அடுத்து நான் போய் நின்றேன். அப்பா சட்டென்று எழுந்து வழிவிட்டார்.

"நீங்க போங்க மேடம். ஆபீஸருக்கெல்லாம் செக்கிங் இல்ல."

பெற்ற பெண்ணை அடையாளம் தெரியவில்லை. பிரமோஷன் என்று எடுத்துக்கொண்டேன்.