ஏழரையின் இரண்டு சாவிகள்

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை எல்லோரும் ஏழரை என்றுதான் கூப்பிடுவார்கள். இடக்கையில் இரண்டரை விரல் போனால் மீதி எத்தனை? விரலுக்கும் பொருந்தியது, குணத்துக்கும் பொருந்தியது. எப்போது பார்த்தாலும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

விரல் போகக் காரணம் மனைவியின் தம்பி. லிஃப்டில் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அவரவர் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வது இந்தத் தொழிலின் முதல் பாடம். ஒன்பது வருஷத்துக்கு முன், அத்தான் வேலையை முடித்துவிட்டுப் பூட்டை மறந்துவிட்டார் என்று, கூட வேலை பார்த்த அந்த மச்சான் தானாகவே முடிவு கட்டினான். கருவிப் பெட்டியில் கிடந்த மாற்றுச் சாவியால் திறந்து கரண்ட்டைப் போட்டான். ஏழரை அப்போது லிஃப்டின் கூரைமேல் குனிந்து சக்கரத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது, மச்சான் வீட்டுப் பக்கம் வருவதும் நின்றது. மாற்றுச் சாவியும் ஏழரையின் பைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சபையே சேர்ந்து ஜெபம் சொல்லும்போது, எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று வரும் அந்த ஒரு வரிக்கு மட்டும் வாயை மூடிக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் மனைவிக்குத் தெரியாதா?

"ஆண்டவரையே ஏமாத்தப் பாக்குறீங்களா?"

"பொய் சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லாம விடுறேன்."

வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை! ஆனால் அன்று பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு தெரு தள்ளியிருந்த எட்டு மாடிக் கட்டிடத்தின் காவலாளி போன் செய்தார். லிஃப்ட் கூரைமேல் வேலை பார்த்த மெக்கானிக்கின் கால், கூரைக்கும் அதற்கு மேலே சுவரிலிருந்து நீட்டியிருந்த இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதாம். தீயணைப்பு வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகுமாம். ஏழரை ஓடிப்போய் ஆறாம் மாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கீழே மச்சான்.

நல்லா வேணும்! அதுதான் முதலில் வந்த நினைப்பு, மறைப்பானேன்?

"ஐயோ, நீங்களா? நீங்க வேணாம் அத்தான்... வேற யாராவது வரட்டும்!"

அவன் பயந்ததிலும் நியாயம் இருந்தது. மேலே இயந்திர அறையில் பிரேக்கைத் திறந்து, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டைக் கீழே இறக்க வேண்டும். காலி லிஃப்டோ, கம்பிக்கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எடைக்கட்டி இழுக்க, மேலேதான் ஓடப் பார்க்கும். நாலு விரற்கடை ஓடினால் கால் போய்விடும். கை நழுவிவிட்டது என்று சொன்னால் ஊரே நம்பும். இந்தக் கை நழுவாதா என்ன?

அந்த யோசனை வந்ததும் ஏழரைக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. ஒன்பது வருஷமாக நெஞ்சில் சோறு போட்டு வளர்த்தது இதைத்தானா? தன்னை நினைத்தே பயந்தார். "ஆண்டவரே, இதை எடுத்துப்போடும், எடுத்துப்போடும்" என்று படிக்குப் படி கெஞ்சிக்கொண்டே ஏறினார்.

சுவிட்சை அணைத்துத் தன் பூட்டைப் போட்டார். இரண்டு சாவிகளையும் ஒரு நூலில் கட்டி, கம்பிக்கயிறு இறங்கும் துளை வழியாக மச்சானிடம் இறக்கினார்.

"மச்சான்! கரண்ட்டைப் பூட்டிட்டேன். ரெண்டு சாவியும் உன்கிட்டதான். நீ நிறுத்துன்னா நிறுத்துறேன். ஜெபம் பண்ணப் போறேன், நீயும் கூடச் சொல்லு."

அந்த வரி வந்தது. சத்தமாகச் சொன்னார். கீழே மச்சான் விம்முவது கேட்டது.

பிரேக்கைத் திறக்கும் கம்பியை, கூட ஏறி வந்திருந்த காவலாளி அழுத்தினார். சக்கரம் வெடுக்கென்று லிஃப்ட் மேலே ஏறும் பக்கம் திரும்பப் பார்த்தது.

"அத்தான்!"

ஏழரை நெஞ்சைக் கொடுத்துச் சக்கரத்தைத் தடுத்தார். விரலில்லாத இடத்தில் தோல் உரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சுற்றினார், நூல் நூலாக.

"போதும்! நிறுத்துங்க! காலு வந்துடுச்சு!"

ஆறாம் மாடியில் கதவு வழியாகத் தூக்கியபோது கால் வீங்கியிருந்தது, ஆனால் முழுசாக இருந்தது. மச்சான் சாவிகளை நீட்டினான். ஏழரை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். மாற்றுச் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து, ரத்தம் கசிந்த தன் இடக்கையால் அவன் விரல்களை மூடினார்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும்டா. முதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் நேரா வீட்டுக்கு, அக்கா உன்னைப் பாத்து ஒன்பது வருஷமாச்சு."